விடுதி வாடகையை நம்பி ஒரு கடன்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வருவாய்ப் பத்திரங்கள்

2012-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 86 கோடி டாலர் கடன் வாங்கியது. வட்டி 4.858 சதவீதம். அசலைத் திருப்பித் தரவேண்டிய வருஷம் 2112. அச்சுப்பிழை இல்லை, நூறு வருஷக் கடன்தான். வருஷத்துக்குச் சுமார் 4.18 கோடி டாலர் வட்டி போகும். நூறு வருஷத்தையும் கூட்டினால் 418 கோடி. அத்தனையும் கட்டி முடித்த பிறகும் அசல் 86 கோடி அப்படியே நிற்கும்.

கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் விலைவாசி ஏற ஏற, 2112-ல் 86 கோடி டாலருக்கு இன்றைய மதிப்பில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். அந்த நேரத்து நிலவரத்துக்கு அது மலிவான வட்டியும்கூட. முந்தைய வருஷம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் 50 கோடி டாலரை 4.8 சதவீதத்தில் இதேபோல் நூறு வருஷத்துக்கு வாங்கியிருந்தது.

இதில் கவனிக்கவேண்டியது கால அளவு மட்டும் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அப்படியிருந்தும் இந்தக் கடனுக்கு மாநில மக்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை, உத்தரவாதமும் தரவில்லை. பிறகு எதை நம்பிப் பணம் கொடுத்தார்கள்? பல்கலைக்கழகத்துக்கு வரப்போகும் வருமானத்தை நம்பித்தான். இப்படி வருமானத்தை ஈடாகக் காட்டி வெளியிடும் கடன் பத்திரத்துக்கு வருவாய்ப் பத்திரம் என்று பெயர். அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டியிருக்கும் விடுதிகள், வாகன நிறுத்தங்கள், மாணவர் மையங்கள், ஆய்வகங்கள் என ஏராளமான கட்டடங்கள் இந்தப் பணத்தில் எழுந்தவை.

அரசு வாங்கும் கடன் இரண்டு வகை

அமெரிக்க மாநிலங்களும் ஊர்களும் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குவதில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று பொதுக் கடன் பத்திரம். “என்ன நடந்தாலும் வரி வசூலித்துக் கட்டிவிடுவோம்” என்று அரசே கொடுக்கும் வாக்கு அது. முதலீட்டாளருக்குப் பொதுவாக இதில்தான் பாதுகாப்பு அதிகம். அதனால்தான் பல மாநிலங்களில் இதற்கு மக்களின் ஒப்புதல் வேண்டும். வாக்கெடுப்பில் தோற்றால் பணம் கிடையாது. 2020 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் அதுதான் நடந்தது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்களுக்காக 1,500 கோடி டாலர் பொதுக் கடன் பத்திரம் கேட்டார்கள். மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று வருவாய்ப் பத்திரம். இதில் வரிப்பணத்தின் மேல் யாருக்கும் உரிமை இல்லை. குறிப்பிட்ட ஒரு வருமானம் வந்தால் அதிலிருந்து கட்டுவோம், வராவிட்டால் அரசைக் கேட்காதீர்கள் என்பதே ஒப்பந்தம். பாலத்துக்குச் சுங்கக் கட்டணம், தண்ணீர் வாரியத்துக்குத் தண்ணீர்க் கட்டணம், விமான நிலையத்துக்கு இறங்குகட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வருமானம். நமக்கும் இது முற்றிலும் புதிதில்லை. 2001-ல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது அந்தச் சாலையில் வசூலாகும் சுங்கக் கட்டணம்தான் பின்பலமாக இருந்தது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்கு ஒரு நீதிமன்றக் கதை உண்டு. 1840-களில் அமெரிக்க மாநிலங்கள் பல, கால்வாய்க்கும் ரயிலுக்கும் வங்கிக்கும் என்று அள்ளிக் கடன் வாங்கி, கட்டமுடியாமல் கைவிரித்தன. சூடுபட்ட பிறகு பல மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் கடனுக்கு உச்சவரம்பு போட்டுக்கொண்டன. ஊர்கள் வளர்ந்தன, தண்ணீர்க் குழாய் போடவேண்டும், வரம்போ தடுக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரம் இதைத் தாண்ட ஒரு வழி கண்டது. தண்ணீர்க் கட்டணத்தைத் தனி நிதியில் போட்டு, அந்த நிதியிலிருந்து மட்டுமே கட்டவேண்டிய கடன் நகரத்தின் ‘கடன்’ கணக்கில் சேராது என்று 1895-ல் மாநில உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 1897-ல் அந்த நகரம் வெளியிட்டதைத்தான் முதல் வருவாய்ப் பத்திரம் என்று சொல்வது வழக்கம். சட்டத்தின் கண்ணில் கடன் இல்லாத கடன்! இன்றுவரை எல்லா வாதமும் இந்த ஓட்டையைச் சுற்றித்தான்.

பல்கலைக்கழகங்களுக்கு இது பரவலாக வந்தது விடுதிகள் வழியாக. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கூட்டாட்சி அரசின் பொதுப்பணி நிர்வாகம் கல்லூரி விடுதிகளுக்குக் கடன் கொடுத்தது. நியூயார்க் மாநிலம் 1944-ல் விடுதி ஆணையம் என்றே ஓர் அமைப்பை உருவாக்கியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு விடுதி கட்டுவதற்காக ஆரம்பித்த அது இன்று மருத்துவமனைகள்வரை கடன் ஏற்பாடு செய்யும் மிகப் பெரிய அமைப்பு. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் கல்லூரிகளில் வந்து குவிந்தார்கள், படுக்க இடமில்லை. 1950-ல் வந்த வீட்டு வசதிச் சட்டம் கல்லூரி விடுதிகளுக்கென்றே ஒரு கடன் திட்டத்தைத் திறந்தது. மாணவர் வாடகை தருவார், அந்த வாடகை கடனை அடைக்கும். வகுப்பறை யாருக்கும் வாடகை தராது என்பதால் அதற்கு வேறு பணம்.

ஒரு விடுதியின் கணக்கு

இனி ஒரு கற்பனை விடுதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்தவை, கணக்கு மட்டும் உண்மையானது.

600 படுக்கைகள். கட்டச் செலவு 9 கோடி டாலர். 30 வருஷக் கடன், வட்டி 4.5 சதவீதம். வீட்டுக் கடன் மாதிரி வருஷாவருஷம் சமமாகக் கட்டினால் ஆண்டுத் தவணை சுமார் 55.25 லட்சம் டாலர். முப்பது வருஷத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய 7.6 கோடி.

ஒரு மாணவரிடம் வருஷத்துக்கு 16,000 டாலர் வாடகை. 600 படுக்கையில் 570 நிறைந்திருக்கிறது என்றால் வருமானம் 91.2 லட்சம். மின்சாரம், துப்புரவு, காவல், பழுது எல்லாம் சேர்ந்து 24 லட்சம். மிச்சம் 67.2 லட்சம். தவணையோடு ஒப்பிட்டால் 1.2 மடங்கு. இந்த விகிதத்தைத்தான் கவரேஜ் என்பார்கள். கடன் கொடுக்கிறவர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஒரு டாலர் தவணைக்கு ஒரு டாலர் இருபது காசு கையில் இருக்கிறது.

சரி, ஊரில் தனியார் அடுக்குமாடிகள் நாலு வந்துவிட்டன, விடுதியில் 480 பேர்தான் தங்குகிறார்கள் என்று வையுங்கள். வருமானம் 76.8 லட்சம். செலவு அப்படியேதான் இருக்கும். விடுதியில் 90 பேர் குறைந்தால் காவலாளியையோ மின்தூக்கியையோ குறைக்க முடியாது. மிச்சம் 52.8 லட்சம். தவணைக்குப் பற்றவில்லை. 570-லிருந்து 480, அவ்வளவுதான். விடுதியில் ஐந்தில் நாலு படுக்கை நிறைந்தே இருக்கிறது, ஆனாலும் கடன் தவறப்போகிறது.

அதனால் பத்திர ஒப்பந்தத்தில் பல பூட்டுகள் போடுவார்கள். கட்டி முடிக்கும்வரை வாடகை வராது, ஆனால் வட்டி ஓடும். எனவே முதல் இரண்டு வருஷ வட்டியையும் சேர்த்தே கடன் வாங்கிவிடுவார்கள். ஒரு வருஷத் தவணை அளவுக்கு ஒரு தொகையை அவசர நிதியாக ஒதுக்கிவைப்பதும் உண்டு. வசூலாகும் பணம் எந்த வரிசையில் எதற்குப் போகவேண்டும் என்பதையும் எழுதிவைப்பார்கள். பெரும்பாலும் முதலில் அன்றாடச் செலவு, அடுத்து தவணை, அப்புறம் அவசர நிதி, மிஞ்சினால்தான் பல்கலைக்கழகத்தின் பைக்கு. பத்திரம் வைத்திருப்பவர்கள் சார்பில் ஒரு வங்கி இதைக் கண்காணிக்கும். ஏற்கெனவே ஈடு வைத்த வருமானத்தைக் காட்டி மேலும் கடன் வாங்கவேண்டுமானால் கவரேஜ் இத்தனைக்குக் கீழே போகாது என்று நிரூபிக்கவேண்டும்.

இவற்றில் மாணவரை நேரே தொடுவது ஒன்று உண்டு: கட்டண வாக்குறுதி. தவணையைக் கட்டும் அளவுக்கு எப்போதும் கட்டணத்தை வைத்திருப்போம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்கிறது. மேலே சொன்ன விடுதியில் 480 பேர்தான் என்றால் அந்த 480 பேரின் வாடகை ஏறும். ஏறினால் இன்னும் சிலர் வெளியேறலாம். இந்தச் சுழலில் மாட்டிய விடுதிகள் உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பணம் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர் விடுதியை ஜப்தி செய்து ஏலம் விடுவார் என்று நினைக்கவேண்டாம். வழக்கமாக ஈடு வைப்பது வருமானத்தை மட்டும்தான், கட்டடத்தையோ நிலத்தையோ இல்லை.

ஒரு கட்டடம் போய் ஒரு பெருங்குளம்

ஒரு விடுதியை மட்டும் நம்பிக் கடன் கேட்டால் வட்டி கூடும். அந்த ஒரு கட்டடம் சறுக்கினால் எல்லாம் சறுக்கும் அல்லவா? எனவே பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லா வளாகங்களின் விடுதி, மெஸ், வாகன நிறுத்த வருமானங்களையும் ஒரே குளத்தில் விட்டு, அந்தக் குளத்தை ஈடு காட்டுகின்றன. ஒரு வளாகத்தில் அறைகள் காலியானாலும் இன்னொன்று தாங்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் விடுதி, வாகன நிறுத்தம் போன்றவற்றுக்கு ஒரு பத்திர வகை, மருத்துவமனைகளுக்குத் தனியாக ஒன்று, இவற்றுக்கெல்லாம் மேலே பொது வருவாய்ப் பத்திரம் என்று அடுக்கு வைத்திருக்கிறார்கள். மேலே உள்ளதற்கு ஈடு, பல்கலைக்கழகத்தின் பரந்த வருமானங்கள். மாணவர் கட்டும் கல்விக் கட்டணமும் அதில் அடக்கம். கடன் திரும்பி வருமா என்று எடைபோடும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு உயர்ந்த மதிப்பு தருகின்றன, வட்டி குறைகிறது.

நிதி அதிகாரியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் இதில் குறையே இல்லை. எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. விடுதியில் தங்குகிறவர் விடுதிக் கடனை அடைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேண்டாமென்றால் வெளியே அறை எடுக்கலாம். கல்விக் கட்டணத்தை யாரும் அப்படித் தவிர்க்க முடியாது. கட்டடத்துக்கும் அதற்குப் பணம் தருகிறவருக்கும் இடையே தூரம் கூடக் கூட, “இதை யார் கேட்டார்கள்?” என்ற கேள்வியும் பெரிதாகிறது.

2009-ல் அது வெடித்தது. மாநிலம் நிதியை வெட்டியதால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்த முடிவெடுத்த இலையுதிர்காலம் அது. சாந்தா குரூஸ் வளாகப் பேராசிரியர் பாப் மைஸ்டர் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். உங்கள் கட்டணத்தைக் கட்டடக் கடனுக்கு ஈடு வைத்திருக்கிறார்கள், கட்டணத்தை ஏற்றும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது என்பதுதான் கடன் சந்தையில் அவர்களுடைய பலம் என்பது அவர் வாதம். நிர்வாகம் மறுத்தது. ஈடு காட்டுவது நல்ல மதிப்பீடு வாங்குவதற்காகத்தான், கட்டணப் பணம் கட்டடத் தவணைக்குப் போகவில்லை என்றது. வளாகங்களில் போராட்டம் நடந்தது, பெர்க்லியில் மாணவர்கள் ஒரு கட்டடத்தையே பிடித்துவைத்தார்கள்.

யார் சொன்னது சரி? சட்டப்படி இருவர் சொன்னதும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஈடு வைப்பது வேறு, அந்தப் பணத்தைச் செலவழிப்பது வேறு. ஆனால் நான் மைஸ்டர் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். ஈடு என்பது நல்ல நாளில் வெறும் காகிதம்தான், கெட்ட நாளுக்காகத்தான் அதை எழுதி வாங்குகிறார்கள்.

மாநிலமே கட்டும் வருவாய்ப் பத்திரம்

வருமானமே இல்லாத ஆய்வகத்துக்கும் வகுப்பறைக்கும் இந்த முறையைப் பொருத்த மாநிலங்கள் சில சாமர்த்தியங்கள் செய்தன. கலிஃபோர்னியாவில் மாநிலப் பொதுப்பணி வாரியம் பத்திரம் வெளியிட்டு ஆய்வகம் கட்டும், பல்கலைக்கழகத்துக்கு வாடகைக்கு விடும், அந்த வாடகைக்கான பணத்தை மாநில பட்ஜெட்டே பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும். அரசின் பணம் அரசுக்கே திரும்பி வந்து, நடுவில் ‘வாடகை வருமானம்’ என்று பெயர் பெற்றுவிடுகிறது. வாக்கெடுப்பு தேவையில்லை. 2013-ல் இப்படி மாநிலத்தின் பேரில் இருந்த சுமார் 240 கோடி டாலர் கடனைப் பல்கலைக்கழகமே தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. அதன் மதிப்பீடு மாநிலத்தைவிட உயர்வாக இருந்ததால் வட்டி மிச்சமானது.

டெக்சஸில் வேறு விதம். அங்கே 1971 முதல் கட்டண வருவாய்ப் பத்திரங்கள் உண்டு. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு என்று சட்டமன்றம் அனுமதி கொடுக்கும், பல்கலைக்கழகம் தன் கட்டணத்தை ஈடு வைத்துப் பத்திரம் வெளியிடும், ஆனால் தவணையை வழக்கமாக மாநிலமே பட்ஜெட்டில் ஒதுக்கிக் கட்டிவிடும். கட்டியே ஆகவேண்டும் என்ற சட்டக் கடமை மாநிலத்துக்கு இல்லை. ஒரு வருஷம் கைவிட்டால் சுமை பல்கலைக்கழகத்தின் தலையில், அதாவது மாணவர் தலையில். 2015-ல் இப்படி சுமார் 310 கோடி டாலருக்கு அனுமதி தந்தார்கள்.

மைதானத்தின் கதை

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதைப் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலுள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பார்க்கலாம். 1923-ல் கட்டிய நினைவு மைதானம் அது. அதன் அடியிலேயே நிலநடுக்கம் தரக்கூடிய ஹேவர்டு நிலப்பிளவு ஓடுகிறது. இடித்துக் கட்டுவதா, பலப்படுத்துவதா என்று வருஷக்கணக்கில் பேசி, பலப்படுத்தினார்கள். பக்கத்தில் விளையாட்டு வீரர்களுக்கு ஒரு பயிற்சி மையமும் எழுந்தது. 2012 செப்டம்பரில் மைதானம் மீண்டும் திறந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஏறிய கடன் சுமார் 44.5 கோடி டாலர்.

திட்டம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல இருக்கைகளை நாற்பது, ஐம்பது வருஷ உரிமையோடு விற்பது. ஓர் இருக்கைக்கு 40,000 டாலரில் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேல். வசூலை முதலீடு செய்து, அதன் ஈட்டத்தில் கடனை அடைப்பது. வரிப்பணமும் வேண்டாம், மாணவர் கட்டணமும் வேண்டாம். நடந்தது வேறு. 2008-ன் நிதி நெருக்கடிக்குப் பிறகு அந்த விலைக்கு எதிர்பார்த்த அளவு ஆள் வரவில்லை. வாங்கியவர்களும் மொத்தமாகப் பணம் தராமல் வருஷத் தவணையில் கட்டலாம், நடுவில் விலகவும் வழி இருந்தது. அணியின் ஆட்டமும் சுமார். முதல் இருபது வருஷம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று அமைத்திருந்தும், வருஷத்துக்குச் சுமார் 1.8 கோடி டாலர் வட்டியைத் திரட்ட விளையாட்டுத் துறை திணறியது. 2018-வாக்கில், நிலநடுக்கப் பாதுகாப்பு வேலைக்கான கடன் பங்கை வளாகத்தின் பொதுக் கணக்கே ஏற்றுக்கொண்டது.

இதில் ஒரு நுணுக்கம். பத்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. அவர்களுக்கு ஈடு மைதானத்தின் இருக்கை விற்பனை அல்ல, பல்கலைக்கழகத்தின் பெருங்குளம். இருக்கை விற்பனை என்பது வளாகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கணக்கு. அது பொய்த்தபோது குளம் தண்ணீர் கொடுத்தது, குளத்துக்குப் பங்களித்த மற்றவர்களுக்குக் குறைந்தது.

இதை 2020-இலும் பார்த்தோம். மார்ச்சில் கொரோனா வந்து விடுதிகள் ஒரே வாரத்தில் காலியாயின. பல பல்கலைக்கழகங்கள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தன. பெரிய குளத்தை ஈடு வைத்தவை தாக்குப்பிடித்தன. ஒரே விடுதியின் வாடகையை மட்டும் நம்பிய, தனியாரோடு கூட்டு வைத்துக் கட்டிய திட்டங்கள்தான் ஆட்டம் கண்டன. ஜார்ஜியாவில் அரசுப் பல்கலைக்கழக விடுதிகளை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்திய ஒரு தனியார் நிறுவனம், தங்கும் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று பல்கலைக்கழக அமைப்புக்குக் கடிதமே எழுதியது. நோய்த்தொற்று நடுவில்!

வரி விலக்கு எதற்கு?

இந்தப் பத்திரங்கள் குறைந்த வட்டியிலும் விற்பதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலானவற்றின் வட்டிக்குக் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. 37 சதவீத வரி கட்டும் பணக்காரருக்கு 4.5 சதவீத சாதாரணப் பத்திரத்தில் கையில் நிற்பது சுமார் 2.8 சதவீதம். வரியில்லாத 3.5 சதவீதம் அவருக்கு லாபம், பல்கலைக்கழகத்துக்கும் வட்டி ஒரு சதவீதம் மிச்சம். இடைவெளியை ஏற்பது கூட்டாட்சி அரசின் கஜானா.

சலுகை என்றால் நிபந்தனை இருக்கும். அப்படிக் கட்டிய கட்டடத்தில் தனியார் வியாபாரப் பயன்பாடு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. தரைத்தளத்தில் ஒரு காபிக்கடை, மாடியில் ஒரு மருந்து நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் ஆராய்ச்சி என்று சதுர அடி சதுர அடியாகக் கணக்கு வைக்கிற வேலை வளாகத்தில் யாரோ ஒருவருக்கு முப்பது வருஷமும் இருக்கும். அந்தத் தலைவலி வேண்டாம் என்பதும், பணத்தை இஷ்டப்படி பயன்படுத்தலாம் என்பதும்தான் சிலர் வேண்டுமென்றே வரி விதிக்கப்படும் பத்திரம் வெளியிடக் காரணம். அந்த நூறு வருஷக் கடனும் அப்படிப்பட்டதே.

ஒரு பல்கலைக்கழகத்தின் பத்திரத்தை நீங்களே பார்க்க விரும்பினால் எம்மா என்ற இணையதளம் இருக்கிறது. அமெரிக்க நகராட்சிப் பத்திரங்களின் ஒழுங்கு வாரியம் நடத்துவது, கட்டணம் இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நூறு பக்கத்தைத் தாண்டும் ஒரு விளக்க ஆவணம் கிடைக்கும். முழுவதும் படித்தால் தூக்கம்தான் வரும். ஈடு எது, எந்த வருமானம் அதில் சேராது, கட்டண வாக்குறுதி என்ன, கடந்த ஐந்து வருஷ கவரேஜ் எவ்வளவு என்று நாலு இடத்தைப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

நம் பக்கத்தில்

இந்தியாவில் இதற்கு ஓர் உறவுக்காரர் இருக்கிறார். 2017-ல் மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய உயர்கல்வி நிதி முகமை, சுருக்கமாக ஹெஃபா. சந்தையில் பணம் திரட்டி மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டடக் கடன் கொடுப்பது இதன் வேலை. கடன் வாங்கும் நிறுவனம் தன் சொந்த வருமானத்திலிருந்து, அதாவது கட்டணம், ஆராய்ச்சி ஈட்டம் போன்றவற்றிலிருந்து, ஒரு தொகையைப் பத்து வருஷத்துக்குத் தனிக் கணக்கில் ஒதுக்கிக் கட்டவேண்டும். முதல் தவணையாக 2017 கடைசியில் ஆறு நிறுவனங்களுக்குச் சுமார் 2,066 கோடி ரூபாய் ஒப்புதலானது. சென்னை ஐஐடியும் அந்த ஆறில் ஒன்று. வருமானத்தை முன்கூட்டியே கட்டிப்போட்டுக் கடன் வாங்குவது என்ற எலும்புக்கூடு அமெரிக்க முறையில் உள்ளதுதான்.

வித்தியாசம் வட்டியிலும் காலத்திலும். ஹெஃபாவில் வட்டியை மத்திய அரசு ஏற்கிறது, நிறுவனம் கட்டுவது அசலை மட்டும். 2018-ல் திட்டத்தை விரித்தபோது புதிய நிறுவனங்களுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அசலிலும் பெரும்பகுதியை அரசே ஏற்கும் என்று ஆனது. வசதியான பழைய தொழில்நுட்ப நிறுவனங்கள் முழு அசலையும் கட்டவேண்டும்.

வட்டியில்லாக் கடன் என்றதும் ஆகா என்று தோன்றும். 100 கோடி ரூபாயை வைத்துப் போட்டுப் பாருங்கள். பத்து வருஷத்தில் அசல் மட்டும் என்றால் வருஷத்துக்கு 10 கோடி. அதே 100 கோடியை 8 சதவீத வட்டியோடு முப்பது வருஷத்துக்கு நீட்டினால் ஆண்டுத் தவணை சுமார் 8.9 கோடி. மொத்தத்தில் அது இரண்டரை மடங்குக்கும் மேல், ஆனால் இந்த வருஷத்து பட்ஜெட்டை அழுத்துவது முதல் வகைதான். பத்தே வருஷத்தில் தன் அசலை வாடகையாலேயே மீட்பது மாணவர் விடுதிக்குக் கடினம். எனவே அந்த 10 கோடியில் பெரும்பங்கு விடுதிக்கு வெளியிலிருந்து, கட்டணத்திலோ ஆராய்ச்சித் திட்டப் பணத்தில் நிறுவனம் நிர்வாகச் செலவுக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கிலோதான் வந்தாகவேண்டும்.